"அனுபவம் உண்டா?" என்ற கேள்வியும் நம் இளையோரும்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது நம் பங்குகளில் உள்ள நல்ல பழக்கம். "பையன் படிப்பை முடிச்சிட்டானே, வேலை கிடைச்சிடுச்சா?" என்ற கேள்வியும் அதில் ஒன்று. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அந்தப் பையன் அதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டான் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சில மாதங்களில் அவன் திருப்பலி முடியும் முன்பே வெளியேறத் தொடங்குகிறான். இளையோர் கூட்டத்துக்கும் வருவதில்லை. "பையன் முன்ன மாதிரி இல்ல" என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

அண்மையில் ஒரு தாய் நம்மிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய மகள் கணினி அறிவியலில் பட்டம் பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி: "முன் அனுபவம் உண்டா?" இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. இப்போது ஒரு கன்சல்டன்சி உதவ முன்வந்திருக்கிறது. பயிற்சிக்கு ஒரு தொகை. இரண்டு ஆண்டு வேலை பார்த்ததாகச் சான்றிதழ் தர இன்னொரு தொகை. வேலை கிடைத்தபின் சம்பளத்தில் ஒரு பங்கு. வீட்டில் இருக்கும் நகையை அடகு வைத்தால் முதல் தவணையைக் கட்டிவிடலாம். "எல்லாரும் இப்படித்தான் சேர்றாங்களாம். செய்யலாமா?" என்று கேட்டார் அந்தத் தாய்.

'கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நாம் நம் வழியே போய்விட்டால், அந்த மகளின் நிலைமை மாறப்போவதில்லை. எனவே இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகச் சிந்தித்துப் பார்ப்பது நம் கடமை.

கதவு எப்போது குறுகியது?

2000ஆம் ஆண்டு சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை முழுவதும் மென்பொருள் நிறுவனங்களால் நிறைந்தது. விவசாயிகள், மீனவர்கள், ஆசிரியர்கள், ஓட்டுநர்கள் எனப் பலருடைய பிள்ளைகள் அந்தச் சாலை வழியாகத்தான் வாழ்வில் ஒரு படி ஏறினார்கள். கல்லூரி வளாகத்துக்கே நிறுவனங்கள் வந்தன. இறுதியாண்டு முடியும் முன்பே பணி ஆணை கைக்கு வந்தது. "கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம்" என்று நம் பெற்றோர் நம்பியதற்குக் காரணம் இருந்தது.

அந்த நம்பிக்கை உச்சத்தைத் தொட்டது 2021-22 நிதியாண்டில். அந்த ஓராண்டில் டிசிஎஸ் நிறுவனம் மட்டும் சுமார் ஒரு இலட்சம் புதியவர்களை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. கொரோனா காலத்தில் உலகமே இணையத்துக்கு மாறியதால் வந்த திடீர் தேவை அது. ஆனால் அதைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளைக் கணினித் துறையில் சேர்த்தன. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வெளியே வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. 2023-24இல் இன்ஃபோசிஸ் எடுத்த புதியவர்கள் ஏறத்தாழ 11,900 பேர் மட்டுமே. அதே ஆண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களிலும் சேர்த்து மொத்த ஊழியர் எண்ணிக்கை 60,000க்கும் மேல் குறைந்தது.

வேலைக்குத் தேர்வானவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூரு வளாகத்தில் பயிற்சியில் இருந்த நூற்றுக்கணக்கானோர், உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பலர் 2022இலேயே தேர்வாகி, இரண்டு ஆண்டு காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் பணியில் சேர்ந்தவர்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதில் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள். ஆகவே இன்று வேலை தேடும் புதியவர், பத்து ஆண்டு அனுபவத்தோடு வெளியே வந்தவர்களும் வேலை தேடுகின்ற ஒரு சந்தையில் நிற்கிறார்.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. வீட்டில் இருக்கும் பிள்ளை சோம்பேறி என்றோ, அறிவில்லாதவர் என்றோ நாம் அவசரமாக முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

அனுபவத்தை ஏன் கேட்கிறார்கள்?

ஒரு நிறுவனம் புதியவரை எடுத்தால் மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி தர வேண்டும். அந்தக் காலத்தில் அவரால் வருமானம் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வேலை நிறைய வரும்போது நிறுவனம் அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளும். வேலை குறையும்போது முதலில் வெட்டப்படுவது அந்தச் செலவுதான். அப்போது "வந்த மறுநாளே வேலை செய்பவர் வேண்டும்" என்கிறார்கள். இதுதான் 'அனுபவம் உண்டா?' என்ற கேள்வியின் பொருள்.

இத்துடன் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. முன்பு புதியவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகள் எவை? சிறிய நிரல் எழுதுவது, எழுதியதைச் சோதிப்பது, பிழைகளைப் பட்டியலிடுவது, ஆவணம் தயாரிப்பது. இவற்றில் பெரும்பகுதியை இப்போது கருவியே செய்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 22 முதல் 25 வயது வரையிலான மென்பொருள் பணியாளர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதியில் இருந்ததைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்துவிட்டது. ஆனால் அதே தொழிலில் வயதில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. நம் நிறுவனங்களின் பெரிய வாடிக்கையாளர்கள் அந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். அங்கே அடிக்கும் காற்று இங்கேயும் வீசும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எல்லா நிறுவனங்களும் அனுபவம் உள்ளவரையே தேடினால், அனுபவத்தை முதலில் கொடுப்பது யார்? இன்று மூத்தவராக இருப்பவர் ஒரு காலத்தில் எதுவும் தெரியாமல் வந்து நின்றவர்தானே! அவருக்கு யாரோ ஒருவர் முதல் வாய்ப்பைக் கொடுத்தார். நீச்சல் தெரிந்த பின்தான் குளத்தில் இறங்க வேண்டும் என்றால் எவருமே நீச்சல் கற்க முடியாது.

விலைக்கு விற்கப்படும் அனுபவம்

இந்த இக்கட்டில்தான் தவறான வியாபாரங்கள் முளைக்கின்றன. உண்மையைச் சொன்னால், இந்தப் பழக்கம் கல்லூரியிலேயே தொடங்கிவிடுகிறது. இறுதியாண்டு 'ப்ராஜெக்ட்' செய்ய வேண்டும். நகரங்களில் உள்ள ப்ராஜெக்ட் சென்டர்களில் பணம் கொடுத்தால் அது அட்டை போட்டுக் கிடைக்கிறது. பெற்றோரும் அதைப் பீஸ் கட்டுவதுபோல எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நேர்காணலில் முதலில் கேட்கப்படுவதோ, "உங்கள் ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். தான் செய்யாத ஒன்றைப் பற்றி ஒருவர் எவ்வளவு நேரம் பேச முடியும்? மாணவருக்கு உண்மையான முதல் அனுபவமாக இருந்திருக்க வேண்டியதை நாம்தான் பணம் கொடுத்து இழந்தோம். இப்போது இல்லாத அனுபவத்தை வாங்க மறுபடியும் பணம் கேட்கிறார்கள்.

பொய் அனுபவச் சான்றிதழால் உள்ளே நுழைந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களின் நிலையையும் அறிந்துகொள்வோம். சம்பளம் பெற்று வேலை பார்த்திருந்தால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அதற்கான பதிவு இருக்கும். 2014 முதல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரே எண் வழங்கப்படுவதால், எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதை எளிதில் பார்த்துவிடலாம். பின்னணிச் சோதனை என்பதே இன்று தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. 2022 நவம்பரில் அக்செஞ்சர் இந்தியா நிறுவனம், போலி நிறுவனங்களின் பெயரில் அனுபவக் கடிதம் கொடுத்துச் சேர்ந்தவர்களைக் கண்டறிந்து வேலையிலிருந்து நீக்கியதாக அறிவித்தது. அப்படி நீக்கப்பட்டவர் அடுத்த நேர்காணலில் எதைச் சொல்வார்? பிடிபடாதவரும் இரண்டு ஆண்டு தெரிந்தவர்போல நடிக்க வேண்டும். தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் முடியாது. கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே அந்தப் பொய் அடைத்துவிடுகிறது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கைநிறையச் சம்பளத்தோடு வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, கணினி தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்து, சட்டவிரோதமாக மியான்மருக்குக் கடத்திச் சென்று இணைய மோசடி வேலையில் ஈடுபடுத்துகிறார்கள் என்பதே அந்த எச்சரிக்கை. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் இந்திய விமானப் படையின் இரண்டு விமானங்களில் 549 இந்தியர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், அந்த முகவர் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். முறையான எந்த நிறுவனமும் வேலை கொடுக்கப் பணம் கேட்பதில்லை என்பதை வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

பொய் சொல்லாமல் அனுபவம் பெற முடியுமா?

முடியும். ஆனால் அது மெதுவான வழி. தெரிந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தொழில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பட்டதாரிகளும் பட்டயப் படிப்பு முடித்தவர்களும் அதில் சேரலாம். தென் மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று நிர்ணயித்தன. பெரிய தொகை அல்லதான். ஆனால் முடிவில் கிடைப்பது அரசு அங்கீகரிக்கும் உண்மையான சான்றிதழ். இலட்சம் கொடுத்து வாங்கும் பொய்ச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு கிடையாது.

இரண்டாவது, கற்றலுக்கு நகையை அடகு வைக்கத் தேவையில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல் பாடங்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சிறு கட்டணம் செலுத்தி நேரடித் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் கல்லூரி மாணவர்களுக்குக் கணினித் திறன் பயிற்சிகள் உண்டு. உங்கள் பிள்ளை இன்னும் கல்லூரியில் இருந்தால், அதை வெறும் வருகைப் பதிவுக்காக முடிக்காமல் உண்மையாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பங்கள் சோஹோ நிறுவனத்தின் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளாக நடந்துவரும் அந்தப் பள்ளியில் கட்டணம் இல்லை. மாறாக உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டு கற்றுத் தருகிறார்கள். தென்காசியிலும் அதற்கு வளாகம் உண்டு. போட்டி அதிகம்தான். ஆனால் பட்டமே இல்லாதவரையும் கற்றுக் கொடுத்து வேலைக்கு எடுக்க முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

நான்காவது, பக்கத்து வாசல்கள். நிரல் எழுதுவது மட்டுமே கணினி வேலை அல்ல. மென்பொருள் சோதனை, வாடிக்கையாளருக்குத் தொழில்நுட்ப உதவி, கணினி வலையமைப்புப் பராமரிப்பு ஆகியவற்றில் புதியவர்கள் நுழைய இடம் சற்று அதிகம். இரவுப் பணி இருக்கும், சம்பளமும் குறைவு. ஆனால் ஓராண்டுக்குப் பின் 'அனுபவம் உண்டா?' என்ற கேள்விக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். வேறு துறையில் வேலை பார்த்தவர்கள் தங்களிடம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். கடையில் டேலி போட்டு ஜிஎஸ்டி கணக்கு எழுதிய வணிகவியல் பட்டதாரிக்குக் கணக்கு மென்பொருள் நிறுவனங்களில் இடம் உண்டு. செவிலியர், மருந்தியல் படித்தவர்களுக்கு மருத்துவக் குறியீட்டுப் பணி, அதாவது 'மெடிக்கல் கோடிங்', ஒரு வாசல்.

ஐந்தாவது, யாரோ ஒருவர் உண்மையில் பயன்படுத்தும் சிறு வேலை ஒன்றைச் செய்து காட்டுவது. வாங்கிய ப்ராஜெக்ட் பத்தைவிட இது ஒன்று மேல். ஒரு மகளிர் குழுவின் சேமிப்பு, கடன் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கும்படி செய்து கொடுத்தால் போதும். ஒரு தவணை பாதி கட்டப்பட்டால் என்ன செய்வது, தவறாகப் பதிந்ததை யார் திருத்தலாம், கணினி பழுதானால் கணக்கு எங்கே இருக்கும் என்ற கேள்விகள் தாமாகவே வரும். அவற்றுக்கு விடை கண்டவர் நேர்காணலில் திக்குவதில்லை. செய்ததைக் கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் வைத்துவிட்டால், கேட்பவர் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாய்ப்பை நாம் கொடுக்கலாமே!

இதுவரை பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் சொன்னோம். இனி நம்மைப் பார்ப்போம். முதல் வாய்ப்பை நிறுவனங்கள் கொடுக்கவில்லை என்று குறை கூறும் நாம், கொடுக்கக்கூடிய இடத்தில் இல்லையா? நம்மிடம் பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள், அன்பியங்கள், மகளிர் குழுக்கள் இருக்கின்றன. எத்தனை பள்ளிகளின் இணையதளங்கள் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கின்றன! எத்தனை பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடுகள் பூச்சி அரித்துக்கொண்டிருக்கின்றன! அவற்றைக் கணினியில் ஏற்றுவது எளிய வேலை அன்று. தாத்தா ஒரு பதிவேட்டில் சவரிமுத்து, இன்னொன்றில் சவுரிமுத்து, பேரனின் சான்றிதழில் சேவியர். அந்தோணியும் அந்தோனியும் ஆன்டனியும் ஒரே ஆள்தானா என்று கண்டுபிடிக்கும் தேடல் வசதி வேண்டும். எந்தப் பெரிய நிறுவனத்திலும் சந்திக்கக்கூடிய உண்மையான தொழில்நுட்பச் சிக்கல் இது. அதைத் தீர்த்த ஒரு பிள்ளையிடம் அனுபவம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, மக்களின் சொந்த விவரங்கள் வெளியே கசியாதபடி, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்து, பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மற்றொன்று, கூலி கொடுக்க வேண்டும். "ஆண்டவருக்குச் செய்கிற சேவைதானே" என்று சொல்லி, வேலையில்லாத பிள்ளையிடம் மாதக்கணக்கில் இலவசமாக வேலை வாங்குவது சரியா? கொத்தனாருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுக்கிறோம். கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் கொடுப்பதில்லை? கூலியும், செய்த வேலையை நேர்மையாக விவரிக்கும் ஒரு கடிதமும் கொடுத்தால் அதுவே பொய்யில்லாத அனுபவச் சான்றிதழ்.

ஏற்கனவே இந்தத் துறையில் இருக்கும் நம் பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்துங்கள். மாதிரி நேர்காணல் நடத்துங்கள். உங்கள் நிறுவனத்தில் இடம் இருந்தால் பரிந்துரை செய்யுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறும். தடுமாறுவது மொழிதான், மூளை அல்ல என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, அந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் சொன்னார். தொழிற்புரட்சிக் காலத்தில் தொழிலாளர் நிலை குறித்து 1891இல் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவை அவர் நினைவுகூர்ந்தார். இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் புதிய சவாலாக நிற்கிறது என்றார். நம் பிள்ளைகளின் வேலைப் பிரச்சினை அவரவர் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல என்பதற்கு இதுவே போதும்.

மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கும் சந்தை வெளியில் சிலர் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். தோட்டக்காரர் அவர்களிடம் முன் அனுபவம் கேட்கவில்லை. நாளெல்லாம் சும்மா இருந்ததற்காகத் திட்டவும் இல்லை. தோட்டத்துக்குப் போகச் சொன்னார்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதிலும் இவ்வளவுதான்: நகை வீட்டிலேயே இருக்கட்டும், மகள் பழகுநர் பயிற்சிக்குப் பதிவு செய்யட்டும், அதுவரை செய்ய ஒரு சிறிய வேலையை நாம் தேடித் தருவோம். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். அந்த மகள் இப்போது ஒரு பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், கூலியோடு. பெரிய நிறுவனம் எதுவும் இன்னும் அழைக்கவில்லை. ஆனால் அடுத்த முறை "என்ன செய்திருக்கிறாய்?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்று இருக்கிறது, அதுவும் உண்மையாக.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், "வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "உனக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டுப் பார்ப்போமா? சிந்திப்போம். செயல்படுவோம்.